ஆள் வைத்துப் பார்ப்பது பாவமா?

போன ஆவணியில் ஒரு கருமாதி வீடு. பந்தி முடிந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது உறவில் மூத்தவர் ஒருவர் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: “மூணு புள்ள பெத்து என்ன, கடைசியில கூலிக்கு வந்தவ கையால கஞ்சி குடிக்கணும்னு எழுதியிருக்கு.” சொன்னது என் அம்மாவைப் பற்றி. சுற்றியிருந்த ஏழெட்டுப் பேரும் தலையாட்டினார்கள். சாவு நடந்த வீட்டில் வாதம் செய்யக் கூடாது என்று நான் எழுந்து வந்துவிட்டேன். இப்போது மறுக்கிறேன்.

மறுப்பதற்கு முன் அந்தக் கருத்தை அதன் முழு பலத்தோடு வைத்துவிடுகிறேன். நமக்குக் கால் கழுவிவிட்டு வளர்த்தவர்களுக்கு நாம்தான் கால் கழுவிவிட வேண்டும். உடம்பைத் தொட்டுச் செய்யும் வேலை சம்பளத்துக்குச் செய்கிற வேலை அல்ல. அன்பில்லாத கை எது என்று படுத்திருப்பவருக்குத் தெரியும். பெரியவர்களே வெளியாள் வேண்டாம் என்கிறார்கள். அதை மீறி ஆள் வைப்பது அவர்களை அவமதிப்பது. முன்பின் தெரியாதவர் வீட்டுக்குள் வந்தால் நகை போகும், அடி விழும், கேட்க நாதியிருக்காது. கடைசியாக, அந்த வயதுக்குத் தேவை வேளைக்குச் சோறு, மருந்து, சாமி பேர். விளையாட்டும் வேடிக்கையும் வாழ்ந்து முடித்தவர்களுக்கு எதற்கு?

இப்படிச் சொல்பவர்கள் வாய்ப்பேச்சோடு நிற்பவர்கள் அல்லர். திண்ணையில் பேசிய பெரியவரின் தாயார் ஆறு வருடம் படுக்கையில் கிடந்தார். ஒரு வெளியாள் வாசல்படி மிதித்ததில்லை. கைவிடுதல் கற்பனையும் அல்ல. பெற்றோரைக் கைவிடுகிறவர்களுக்கு மூன்று மாதம் வரை சிறை என்று 2007-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டமே போட வேண்டியிருந்தது. ஆகவே அவர்களுடைய அச்சத்தில் நியாயம் இருக்கிறது. அதிலிருந்து அவர்கள் வந்து சேரும் முடிவு தவறு. ஏன் தவறு என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

1. பிள்ளைகள் பார்த்தார்கள் என்றால், எந்தப் பிள்ளை பார்த்தது?

அந்தத் தாயாரை ஆறு வருடம் பார்த்தது பெரியவர் அல்ல, அவர் மனைவி. விடிகாலை நாலரைக்கு எழுந்து மூத்திரத் துணி அலசியவர் அவர். ராத்திரியில் இரண்டு முறை எழுந்து மாமியாரைப் புரட்டிப் படுக்கவைத்தவர் அவர். சொந்த அண்ணன் மகள் கல்யாணத்துக்குத் தாலி கட்டும் நேரத்துக்கு மட்டும் போய்விட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பியவரும் அவர்தான். ஊர் என்ன சொல்கிறது? “அவன் தாயை ராணி மாதிரி வச்சிருந்தான்.” வாக்கியம் ஆண்பாலில் முடிகிறது. வேலை செய்தவள் அதில் எங்குமே இல்லை.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. மத்திய அரசு 2024-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டிலிருப்பவர்களைப் பராமரிக்கும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் 140 நிமிடம் கொடுக்கிறார்கள். ஆண்கள் 74 நிமிடம். இதற்கு மேல் சம்பளமில்லாத வீட்டு வேலை: பெண்களுக்கு 289 நிமிடம், ஆண்களுக்கு 88. குடும்பக் கடமை என்று நாம் பெருமையாகச் சொல்வது பெரும்பாலும் மருமகளின் கடமை. ஆள் வைக்க மாட்டேன் என்று ஓர் ஆண் சபதம் செய்யும்போது அவர் தன்னுடைய நேரத்தைத் தருவதாகச் சொல்லவில்லை. இன்னொருத்தியின் நேரத்தை, அவளைக் கேட்காமல், எழுதிக் கொடுக்கிறார்.

2. அந்தக் காலத்தில் யாரும் ஆள் வைக்கவில்லையே என்பார்கள்.

அந்தக் காலத்தில் ஏழு பிள்ளைகள் இருந்தார்கள். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.4 குழந்தை என்று 2020-இன் மாதிரிப் பதிவுக் கணக்கு சொல்கிறது. ஏழு பேர் சுமந்ததை ஒருவர் சுமக்க வேண்டும். அந்த ஒருவரும் ஓசூரிலோ துபாயிலோ இருக்கிறார். 2011 மக்கள்தொகைக் கணக்கிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதைக் கடந்தவர்கள். இடுப்பெலும்பு முறிந்தவரும் பக்கவாதம் வந்தவரும் அப்போது சில மாதங்களில் போய்ச் சேர்ந்தார்கள். இப்போது மருத்துவம் அவர்களில் பலருக்குப் பல வருடம் தருகிறது. அந்த வருடங்களை எப்படி வாழ்வது என்று பழைய காலம் நமக்குச் சொல்லித் தரவில்லை.

பழைய காலம் பொன்னாக இருந்தது என்பதும் உண்மையல்ல. படுக்கையில் விழுந்த முதியவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து, கதையை முடிக்கிற தலைக்கூத்தல் தென்மாவட்டங்களில் நடந்தது. செய்தவர்கள் வெளியாட்கள் அல்லர். பார்த்துக்கொள்ள ஆளும் இல்லாமல், தெம்பும் இல்லாமல் போன சொந்தக் குடும்பங்கள்.

3. அன்பு இருந்தால் கை தானாக வேலை செய்யுமா?

செய்யாது. அம்மாவுக்கு இடது பக்கம் பக்கவாதம் வந்து மூன்றாவது வாரம். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதற்காக இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்கினேன். என் அன்பில் குறைவில்லை. வலுவிழந்திருந்த தோள் மூட்டு விலகியது. அடுத்த ஒரு மாதம் அவர் வலியில் முனகிக்கொண்டே இருந்தார். பக்கவாதம் வந்த பக்கத்துக் கையை இழுக்கவோ அந்த அக்குளில் கை கொடுத்துத் தூக்கவோ கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. பின்னால் வந்த பராமரிப்புப் பெண் அம்மாவை மெதுவாகக் கட்டில் விளிம்புக்கு நகர்த்தினார். இரண்டு பாதங்களையும் தரையில் பதியவைத்தார். இடுப்பில் அகலத் துண்டு ஒன்றைச் சுற்றிக் கட்டி அதைப் பிடித்துக்கொண்டு, “மூக்கு கால் வெரலுக்கு நேரா வரட்டும்மா, இப்ப எந்திரிங்க” என்றார். அம்மா எழுந்தார். தூக்கப்பட்டவர் அல்ல, எழுந்தவர். அந்த வித்தியாசம் அவர் முகத்தில் தெரிந்தது.

படுத்தே கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்காவிட்டால் இடுப்படியிலும் குதிகாலிலும் படுக்கைப் புண் வரும். மல்லாந்த நிலையில் கஞ்சி ஊட்டினால் புரையேறி நுரையீரலுக்குள் போய் நிமோனியாவில் முடியலாம். சிறுநீர்த் தொற்று வந்தால், நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று பிள்ளையின் பெயர் தெரியாமல் குழறலாம். வீட்டில் உள்ளவர்கள் அதை ‘வயசாயிடுச்சு’ என்று விட்டுவிடுவார்கள். இவை அன்பின் குறைகள் அல்ல, பயிற்சியின் குறைகள். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978-இல் முதியோருக்கென்று தனிப் புறநோயாளிப் பிரிவைத் தொடங்கியவர் டாக்டர் வி.எஸ். நடராஜன். முதுமைக்குத் தனி மருத்துவம் வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்டோம். முதுமையைப் பார்த்துக்கொள்ளத் தனிப் பயிற்சி வேண்டும் என்று சொன்னால் மட்டும் ஏன் குடும்ப மானம் குறுக்கே வருகிறது?

4. “அவங்களே வேணாம்ங்கறாங்களே!”

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் இது. இதில் நான் ஒருமுறை தோற்றவன்.

முதலில் ஓர் ஏஜென்சி மூலமாக ஒரு பெண் வந்தார். காலை எட்டு மணி, சீருடை, கையில் ஃபைல். உள்ளே நுழைந்ததும் அம்மாவின் கட்டிலை ஜன்னலோரத்திலிருந்து கழிவறைப் பக்கம் நகர்த்தச் சொன்னார். அவர் அம்மாவிடம் கேட்கவில்லை, என்னிடம் சொன்னார். நானும் அம்மாவிடம் கேட்காமல் நகர்த்தினேன். அன்று பகல் முழுக்க அம்மா சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், “எனக்கு யாரும் வேணாம். செத்தா எடுத்துப் போடுங்க, அது போதும்” என்றார். அந்தப் பெண் போய்விட்டார். “பாத்தியா, அவங்களுக்கே புடிக்கல” என்றது உறவு.

எதை வேண்டாம் என்றார் அம்மா? அந்தப் பெண்ணையா? ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அது பறிபோனது. ஐம்பது வருடம் தன் சொல்லுக்கு நடந்த வீட்டில் தன்னைக் கேட்காமல் கட்டில் நகர்ந்தது. தான் பாரமாகிவிட்டோம் என்பதற்கு நடமாடும் சாட்சியாக ஒருத்தி வந்து நின்றாள். பிள்ளைகளுக்குச் செலவு வைக்கிறோமே என்ற கூச்சம் வேறு. இத்தனையையும் அடக்கிய ஒரு சொல்லை நாங்கள் காதால் மட்டும் கேட்டோம்.

விருந்துக்குப் போன இடத்தில் இரண்டாவது கரண்டி சாம்பாருக்கு எல்லோரும் வேண்டாம் என்றுதான் சொல்கிறோம். பரிமாறுகிறவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டு போய்விட்டால் அவருக்கு விருந்தோம்பத் தெரியாது என்கிறோம். சாம்பாருக்கே இவ்வளவு பதம் பார்க்கத் தெரிந்த நாம், பெற்றவள் தன் கடைசிக் காலத்தைப் பற்றிச் சொல்லும் ‘வேண்டாம்’ ஒன்றை மட்டும் நீதிமன்றத் தீர்ப்பைப் போல எடுத்துக்கொள்கிறோம். காரணம், அது நமக்கு வசதி.

இரண்டாம் முறை, தெரிந்த செவிலியர் ஒருவர் மூலமாக இரண்டு பேரை வரச்சொல்லி, அம்மாவையே பேசிப் பார்க்கச் சொன்னேன். அம்மா கேட்ட முதல் கேள்வி, “வத்தக்குழம்பு வைக்கத் தெரியுமா?” முதல் வாரம் அந்தப் பெண் அம்மாவின் உடம்பைத் தொடவே இல்லை. கீரை ஆய்ந்தார், அம்மா சொல்லச் சொல்லச் சமைத்தார், பேப்பர் படித்துக் காட்டினார். இரண்டாம் வாரம் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிவிட்டார். குளிப்பாட்டியது மூன்றாம் வாரக் கடைசியில்; அதுவும், “முதுகு தேச்சு விடுறியா?” என்று அம்மாவே கேட்ட பிறகு. ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி சம்பளத்தை எண்ணிக் கொடுப்பது அம்மாவின் வலது கை. கட்டில் ஜன்னலோரத்துக்குத் திரும்பிவிட்டது. இரவில் கழிவறைக்குப் போக சுவரில் கைப்பிடி அடித்தோம்.

இது என் அம்மாவின் பிடிவாதத்தைப் பற்றிய கதை மட்டுமல்ல. எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து முதியோர் இல்லம் ஒன்றில் செய்த ஆய்வு 1976-இல் வெளிவந்தது. ஒரு தளத்தில் இருந்தவர்களிடம், உங்கள் அறையை எப்படி வைப்பது என்பது உங்கள் முடிவு என்று சொல்லி, ஆளுக்கு ஒரு செடியைக் கொடுத்து நீங்களே தண்ணீர் ஊற்றுங்கள் என்றார்கள். இன்னொரு தளத்திலும் செடி கொடுத்தார்கள். ஆனால் தண்ணீர் ஊற்றுவது ஊழியர்கள். மூன்றே வாரத்தில் முதல் தளத்துக்காரர்களின் சுறுசுறுப்பும் மகிழ்ச்சியும் தெளிவாகக் கூடியிருந்தன. கிடைத்த பராமரிப்பு ஒன்றுதான். முடிவு யார் கையில் என்பது மாறியது.

மறதி நோய் வந்தவர்களின் ‘வேண்டாம்’ வேறு. இந்தியாவில் அறுபது கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, அந்த நோய் இருப்பதாக 2023-இல் வெளியான மதிப்பீடு சொல்கிறது. “என் வளையலை எடுத்துட்டா” என்பவரிடம் ஆதாரம் காட்டி வாதாடிப் பயனில்லை. கூடவே தேட வேண்டும். ஒரே ஆள், ஒரே நேரம், ஒரே குரல் என்று நாள்கள் பழகப் பழகத்தான் அந்தப் பயம் தணியும். மனம் தெளிவாக இருப்பவரோ, எல்லாவற்றையும் கேட்டுப் பார்த்த பிறகும் மறுத்தால் அது அவர் உரிமை. இரண்டு மணி நேர உதவி போதுமா, இரவுக்கு மட்டும் ஆள் போதுமா என்று அவரிடம் பேசலாம், திணிக்கக் கூடாது.

ஒரே ஒரு ‘வேண்டாம்’ மட்டும் என்னிடம் செல்லாது. “அந்தப் பொண்ணு என்ன ஆளுங்க?” என்று கேட்டு அதன்மேல் வருகிற வேண்டாம். என் அம்மாவும் கேட்டார். சொல்ல மாட்டேன் என்றேன். தனி டம்ளர் எடுத்து வைக்கச் சொன்னார், வைக்கவில்லை. நான்கு நாள் என்னோடு பேசவில்லை. வயதுக்கும் நோய்க்கும் எவ்வளவோ விட்டுக்கொடுக்கலாம். நம் உடம்பின் கழிவைத் துடைக்க வருகிறவரைத் தள்ளி நிறுத்தும் உரிமையை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

5. வெளியாள் ஆபத்து என்றால், உள்ளாள்?

திருட்டும் நடக்கிறது, அடியும் நடக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் முதியோர் மீதான கொடுமைகளைப் பற்றி ஹெல்ப்ஏஜ் இந்தியா என்ற தொண்டு நிறுவனம் வெளியிட்ட அறிக்கைகளில் மகன்களும் மருமகள்களும் தொடர்ந்து இடம்பெறுகிறார்கள். நாலு சுவருக்குள் ஒரே ஒருத்தி இரவும் பகலும் தனியாகப் பார்த்துக் களைத்துப்போகிற வீட்டில்தான் கை ஓங்கும். பொறுப்பைப் பகிரும் இன்னொரு கண் வீட்டுக்குள் இருப்பது பாதுகாப்பு. வருகிறவரின் முகவரியை விசாரிப்பது, நகையைப் பூட்டி வைப்பது, என்னென்ன வேலை என்று முதலிலேயே பேசிக்கொள்வது, வாரம் ஒரு நாள் விடுமுறை தருவது, ‘அப்படியே நாலு பாத்திரத்தையும் கழுவிடும்மா’ என்று வேலையைக் கூட்டாமலிருப்பது: இவ்வளவும் நம் கையில் இருக்கின்றன. அவமதிக்கப்பட்ட ஊழியரிடம் கனிவை எதிர்பார்க்க நமக்கு உரிமையில்லை.

6. “இந்த வயசுல என்ன வெளையாட்டு?”

இந்த ஒரு கேள்விதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வரவைப்பது. சோறும் மாத்திரையும் வேளை தவறாமல் கொடுத்து, டிவிக்கு முன்னால் உட்காரவைத்து, மிச்சப் பதினாலு மணி நேரத்தை வெறுமையாக விட்டுவிட்டு, நன்றாகப் பார்த்துக்கொள்கிறோம் என்கிறோம். சிறையிலும் சோறு வேளைக்கு வரும்.

நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 75 வயதைத் தாண்டிய 469 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2003-இல் ஓர் ஆய்வு வெளியானது. வாசிப்பது, பலகை விளையாட்டு ஆடுவது, இசைக்கருவி வாசிப்பது, நடனமாடுவது ஆகிய பழக்கங்கள் உள்ளவர்களுக்கு மறதி நோய் வருவது குறைவாக இருந்தது. விளையாடியதால் நோய் தடுக்கப்பட்டது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் மறதி நோய்க்கு 2024-இல் பட்டியலிட்ட, மாற்றக்கூடிய 14 ஆபத்துக் காரணிகளில் தனிமையும் இருக்கிறது, கவனிக்கப்படாத காது மந்தமும் பார்வைக் குறைவும் இருக்கின்றன. ‘அவருக்கு எதுலயும் ஆர்வமில்ல’ என்று நாம் சொல்லும் தாத்தாவுக்குப் பல சமயம் வேண்டியது ஒரு காது கேட்கும் கருவி.

நோய் வராமலிருக்க என்ற காரணம்கூட எனக்குப் போதாது. மகிழ்ச்சி மருந்தாக இருந்தால்தான் முதியவருக்கு அனுமதி என்பது என்ன நியாயம்? 2019-இல் வந்த ‘கே.டி. (எ) கருப்புதுரை’ படத்தில் தலைக்கூத்தலுக்குத் தப்பி ஓடும் கிழவர் தன் ஆசைகளை ஒரு சிறுவனிடம் பட்டியல் போட்டுச் சொல்கிறார். மூன்று மாதம் மயக்கத்தில் கிடந்தவருக்குள் அத்தனை ஆசைகள் உயிரோடு இருந்தன என்பதை வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை.

கேட்பது எப்படி? ‘என்ன பண்ணப் புடிக்கும்?’ என்றால், ‘ஒண்ணும் வேணாம்’ என்றுதான் பதில் வரும். கல்யாணத்துக்கு முன்னால் என்ன செய்தீர்கள் என்று கேட்க வேண்டும். அறுபது வருடம் புள்ளிக்கோலம் போட்ட கையில் பொம்மைப் படத்தையும் வண்ணப் பென்சிலையும் கொடுப்பது அவரைக் குழந்தையாக்குவது; ஒரு நோட்டில் புள்ளி வைத்துக் கொடுத்தால் அவர் இழையை இழுத்துவிடுவார். கணக்கு எழுதிப் பழகியவரிடம் பால் கணக்கைக் கொடுங்கள். டீக்கடை பெஞ்சில் வளர்ந்த ஆணுக்குத் தேவை டிவி அல்ல, சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு டீக்கடை வரை போகிற ஓர் ஆள். விதவையான பெண்களுக்கு இதில் கூடுதல் அநியாயம் உண்டு: பூ தொடுப்பது, சினிமா போவது, சத்தமாகச் சிரிப்பது எல்லாமே அவர்களுக்கு என்றோ தடை செய்யப்பட்டவை. எண்பது வயதில் அந்தத் தடையை நாமே முன்வந்து எடுக்காவிட்டால் அவர்களாகக் கேட்கப் போவதில்லை.

என் அம்மாவுக்கு அது தாயம். சாக்பீஸால் தரையில் கட்டம் போட்டு அவரால் ஆட முடியாது. அட்டையில் போட்டுக் கொடுத்தோம். தினமும் மதியம் மூன்று மணிக்கு, ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டைகளை வலது கையால் குலுக்கிப் போடுகிறார். எதிரே அந்தப் பெண். முன்பெல்லாம் அந்த நேரத்தில் அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். வீட்டில் மூன்று பிள்ளைகள் இருந்தோம், ஒருவருக்கும் மதியம் மூன்று மணிக்கு நேரமில்லை. இன்றும் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போகும்போது இப்போது நான் மாத்திரை டப்பாவையும் டயப்பர் பாக்கெட்டையும் பற்றிக் கேட்பதில்லை. மூன்றாவது ஆட்டக்காரனாக உட்காருகிறேன். மகனாக எனக்கு மிஞ்சியது இதுதான் என்றால், எனக்கு இது நிறைய.

7. காசுள்ளவன் பேசுகிற பேச்சு என்பார்கள்.

இந்தக் குற்றச்சாட்டை ஏற்கிறேன். பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் என்று வைத்தால் நடுத்தரக் குடும்பமே கடனில் விழும். கூலி வேலை செய்கிறவர்கள் நினைத்தே பார்க்க முடியாது. தமிழ்நாட்டில் 2023-இல் முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய் ஆனது. 2007-இன் சட்டம் பிள்ளைகளிடமிருந்து அதிகபட்சம் பெற்றுத்தரக்கூடிய ஜீவனாம்சமும் மாதம் 10,000 ரூபாய்தான். ஆனால் இதிலிருந்து வரும் முடிவு, ஆள் வைப்பது தவறு என்பதா? எல்லோருக்கும் கிடைக்கவில்லை என்பதா?

அரசு வீட்டுக்குள் வரவே முடியாது என்பதும் பொய்யாகிவிட்டது. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இரத்த அழுத்த மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் வாசலுக்குக் கொண்டுவருகிறது. இயன்முறை சிகிச்சையும் வலி தணிக்கும் பராமரிப்பும் வீட்டுக்கே வருகின்றன. அந்தத் திட்டத்தின் பெண்கள் படியேறி வரும்போது எந்தக் குடும்பமும் மானம் போனதாக நினைக்கவில்லை. பகல் நேரத்தில் முதியவர்கள் கூடியிருக்க 25 அன்புச்சோலை மையங்கள் என்று 2025-இன் மாநில பட்ஜெட் அறிவித்தது. இவற்றோடு, பயிற்சி பெற்ற ஒருவர் வாரத்தில் சில நாள் வந்து குளிப்பாட்டிவிட, திருப்பிப் படுக்கவைக்க, இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேச, மருமகள் அந்த நேரத்தில் கொஞ்சம் கண் அயர, ஊராட்சிக்கு இத்தனை பேர் என்று வேண்டும். வருகிறவர்களுக்கு நிரந்தரச் சம்பளம் வேண்டும். சாலை கேட்டும் குடிநீர் கேட்டும் கிராமசபையில் மனு கொடுக்கிறோம். என் ஊர் கிராமசபையில் இதைக் கேட்டு ஒரு மனுவை நான் பார்த்ததில்லை. கேட்டால், பெற்றவளைப் பார்க்க வக்கில்லாதவன் என்று அந்தத் திண்ணையில் பேசுவார்கள்.